இடைவேளைக்கு முந்தைய அரை மணி

பிரிட்டனின் ஒரு பெரிய தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகளில் பதிவான காயங்களை ஆய்வாளர்கள் சிலர் நேர வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அங்கே இரண்டு மணி நேர வேலைக்குப் பின் ஓர் இடைவேளை உண்டு. அந்த இரண்டு மணியை நான்கு அரை மணிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் காயப்பட்டார்கள் என்று எண்ணினார்கள். இடைவேளை முடிந்து திரும்பிய முதல் அரை மணியோடு ஒப்பிட்டால், அடுத்த இடைவேளைக்கு முந்தைய கடைசி அரை மணியில் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. பகல் ஷிஃப்டிலும் இதே கதை, இரவு ஷிஃப்டிலும் இதே கதை. 2003-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்த முடிவு வெளிவந்தது.

அந்த ஆலை தொழிலாளர்களைக் கசக்கிப் பிழிந்த ஆலை அல்ல. இரண்டு மணிக்கு ஒருமுறை ஓய்வு கொடுத்த ஆலை. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, இடைவேளை இல்லாமல் தொடர்ந்து வேலை வாங்க அனுமதித்த நேரம் ஐந்து மணி. சிறப்பு அனுமதி பெற்றால் ஆறு மணி.

இரண்டு மணிக்குள் என்ன நடக்கிறது என்பது ‘லான்செட்’ முடிவுக்கு 55 ஆண்டுகளுக்கு முன்பே அளக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் பணியாளர்கள், நேரம் ஆக ஆக, திரையில் தெரிந்த புள்ளிகளையே தவறவிட்டார்கள். காரணத்தைக் கண்டறியும் வேலை கேம்பிரிட்ஜ் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த்திடம் வந்தது. அவர் ஒரு கடிகாரம் செய்தார். அதில் எண்கள் கிடையாது. ஒரே ஒரு முள். முள் சீராக ஒவ்வோர் அடியாக நகரும். எப்போதாவது இரண்டு அடியை ஒரே தாவலில் கடக்கும். அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு வேலை இவ்வளவுதான்.

முடிவுகள் 1948-ல் வெளிவந்தன. தவறவிடுதல் முதல் அரை மணியிலேயே தொடங்கிவிட்டது. அதன் பிறகு நிலைமை தேறவில்லை. அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றிக் கொடுத்தபோது சரிவு நின்றது. விழிப்புச் சரிவு என்று இதைச் சொல்லலாம்: கண் திறந்திருக்கும், ஆள் உட்கார்ந்திருப்பார், கவனம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். பயிற்சியாலோ மன உறுதியாலோ இதை முழுதாகத் தடுக்க முடிவதில்லை.

கவனம் இறங்குவது அந்த ஆளுக்கே தெரிவதில்லை என்பது அடுத்த சிக்கல். 2003-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு குழுவினரை இரண்டு வாரம் இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். பதினான்காம் நாள் அவர்களுடைய கவனச் சோதனை மதிப்பெண், ஒன்றிரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் மதிப்பெண்ணுக்கு இறங்கியிருந்தது. எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்களையே கேட்டார்கள். முதல் சில நாள்களுக்குப் பிறகு அந்தப் பதில் பெரிதாக மாறவே இல்லை. திறன் நாள்தோறும் சரிந்தது. சரிகிறது என்ற உணர்வு ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. ‘எனக்கு ஓய்வு தேவைப்படவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

விமானத்துறையில் கணக்கு இன்னும் துல்லியமாக இருக்கிறது. 1994-ல் நாசா ஓர் அறிக்கை வெளியிட்டது. பசிபிக் பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களில் 21 விமானிகளின் மூளை அலைகளும் கண் அசைவுகளும் பறக்கும்போதே பதிவு செய்யப்பட்டன. 12 பேருக்கு, நடுவானில் வேலை குறைந்த கட்டத்தில், இருக்கையில் இருந்தபடியே 40 நிமிட ஓய்வு. ஒருவர் ஓய்வெடுக்கும்போது மற்றவர்கள் விமானத்தைப் பார்த்துக்கொள்வார்கள். மீதி 9 பேருக்கு இந்த ஓய்வு இல்லை. ஓய்வு பெற்றவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள்.

பயணத்தின் கடைசி 90 நிமிடங்களில் நுண்தூக்கத்தின் அறிகுறிகள் எண்ணப்பட்டன. நுண்தூக்கம் என்பது மூளை சில நொடிகள் மட்டும் தூக்கத்துக்குள் சரிந்து மீள்வது. ஓய்வு பெற்ற 12 பேரிடம் மொத்தம் 34 முறை. ஓய்வு பெறாத 9 பேரிடம் 120 முறை. அந்த 120-ல் 22, கடைசி 30 நிமிடங்களில் நேர்ந்தவை. விமானம் உயரத்தைக் குறைத்து, ஓடுபாதையை நெருங்கி, தரையைத் தொடும் 30 நிமிடங்கள் அவை. ஓய்வு பெற்றவர்களிடம் அந்த நேரத்தில் ஒன்றுகூட இல்லை.

எல்லா விமானங்களும் பத்திரமாகவே இறங்கின. பின்னால் அமர்ந்திருந்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஐரோப்பா உட்படப் பல இடங்களில் இந்த ஓய்வு, கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கப்பட்டது. ஆய்வை நடத்திய அமெரிக்காவில், விமானி அறையில் பணியில் இருப்பவர் தூங்குவதற்கு இன்னும் அனுமதி இல்லை.

இதில் கட்டுப்பாடு என்ற சொல் அலங்காரத்துக்காக வரவில்லை. 2010 மே 22 அதிகாலை, துபாயிலிருந்து மங்களூருக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 வந்துகொண்டிருந்தது. விமானி அறைக் குரல் பதிவுக் கருவியில் 2 மணி 5 நிமிடம் பதிவாகியிருந்தது. அதில் முதல் 1 மணி 40 நிமிடம் கேப்டன் தூக்கத்தில் இருந்தார், குறட்டை பதிவாகியிருக்கிறது. விழித்து அதிக நேரம் ஆவதற்குள் அவர் இறக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. விமானம் இருக்க வேண்டியதைவிட அதிக உயரத்தில் வந்தது. இறங்க வேண்டாம், மேலெழுந்து சுற்றி வரலாம் என்று துணை விமானி சொன்னார். கேப்டன் இறக்கினார். மங்களூர் ஓடுபாதை குன்றின் மேல் அமைந்தது. அதன் முடிவில் பள்ளம். 158 பேர் இறந்தார்கள். 8 பேர் பிழைத்தார்கள்.

நிலைகுலைந்த இறக்கத்தைக் கேப்டன் கைவிடாததே நேரடிக் காரணம் என்றது விசாரணை நீதிமன்றம். அவருடைய முடிவெடுக்கும் திறன் குன்றியிருக்கக்கூடும் என்றும், அதற்குத் தூக்க மந்தம் காரணமாக இருக்கலாம் என்றும் கூறியது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்த பிறகும் மூளையின் ஒரு பகுதி சற்று நேரம் தூக்கத்திலேயே தங்கிவிடுவதுதான் தூக்க மந்தம். பயணத்துக்கு முன் அவருக்குப் போதிய ஓய்வு நேரம் கிடைத்திருந்தது என்பதையும் அறிக்கை பதிவு செய்தது. நாசா கொடுத்த ஓய்வுக்கு 40 நிமிடம் என்ற எல்லை இருந்தது. விழித்தவர் தெளிந்து வருவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. 812-ல் அப்படி எல்லை வகுத்த ஓய்வு எதுவும் இல்லை.

இன்னொரு இடைவேளை 71 பேரின் சாவோடு தொடர்புடையது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே ரஷ்யப் பயணிகள் விமானம் ஒன்றும் சரக்கு விமானம் ஒன்றும் மோதின. ரஷ்ய விமானத்தில் பள்ளிப் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அந்த வான்பரப்பு சுவிட்சர்லாந்தின் ஜூரிச் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பில் இருந்தது. இரவுப் பணியில் இரண்டு கட்டுப்பாட்டாளர்கள். போக்குவரத்து குறைந்ததும் ஒருவர் ஓய்வறைக்குப் போய்விடுவது அங்கே ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கம். விதியில் அதற்கு இடமில்லை. நிர்வாகத்துக்குத் தெரியும், கண்டுகொள்ளவில்லை.

அன்றும் ஒருவர் ஓய்வறைக்குப் போனார். மிஞ்சியவர் இரண்டு பணிமேசைகளை ஒற்றை ஆளாகக் கவனித்தார். அதே இரவு பராமரிப்பு வேலை. மோதல் அபாயத்தைத் திரையில் காட்டும் எச்சரிக்கை வசதி நிறுத்தப்பட்டிருந்தது. முதன்மைத் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தது. மாற்று இணைப்பு வேலை செய்யவில்லை. தாமதமாக வந்த மூன்றாவது விமானம் ஒன்றை இறக்கும் வேலையில் அவர் அடுத்த மேசையில் மாட்டிக்கொண்டார். மோதல் பாதையில் இருந்த இரண்டு விமானங்களையும் அவர் கவனித்தபோது ஒரு நிமிடம்கூட மிச்சம் இல்லை. ஒரு விமானத்தை இறங்கச் சொன்னார். அதே நொடிகளில் மற்ற விமானத்தின் தானியங்கி எச்சரிக்கைக் கருவியும் அதை இறங்கச் சொன்னது. இரண்டும் இறங்கின.

ஓய்வறைக்குப் போனவர் செய்தது மனித இயல்புக்குப் பொருந்திய காரியம். நள்ளிரவில் வேலை குறைந்தால் உடல் ஓய்வு கேட்கும். ஆனால் அவருடைய நாற்காலிக்கு மாற்று ஆள் வைக்கப்படவில்லை. ஒருவருக்குக் கிடைத்த ஓய்வின் சுமை அப்படியே அடுத்தவர் தலையில் இறங்கியது. 2007-ல் சுவிஸ் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டு மையத்தை நடத்திய நிறுவனத்தின் நான்கு பேரைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டித்தது. அவர்களில் மூவர் மேலாளர்கள். பிரிட்டனில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு இரண்டு மணி நேரப் பணிக்குள் குறைந்தது 30 நிமிட இடைவேளை என்பது விதி. ஆசைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த விதி சொல்லவில்லை.

விமானம் விழுந்தால் கருப்புப் பெட்டி கிடைக்கும். கணக்கு எழுதுபவர், ஜவுளிக்கடையில் நிற்பவர், கால் சென்டரில் பேசுபவர் ஆகியோரின் பதிவு உடலுக்குள் மட்டுமே இருக்கிறது.

அந்தப் பதிவு இப்படிப் போகிறது. மேலாளரின் மின்னஞ்சல், கோபமான வாடிக்கையாளர், நெருங்கும் கெடு. மூளை எதை அபாயம் என்று முடிவு செய்தாலும் நொடிகளில் அட்ரினலின் வெளியாகும். இதயத்துடிப்பு கூடும், ரத்தநாளம் இறுகும். இரண்டாவது அலை மெதுவாக வரும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் உத்தரவு, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை அடைந்து கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கும். இது ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும். செரிமானம், நோய் எதிர்ப்பு போன்ற அவசரமில்லாத வேலைகளைத் தள்ளிப்போடும். சம்பவம் தொடங்கி 20 முதல் 30 நிமிடம் கழித்தே கார்டிசால் உச்சத்தைத் தொடும். பழைய அளவுக்கு இறங்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் அடுத்த மின்னஞ்சல் வந்தால் இறக்கம் பாதியில் நின்று மறுபடி ஏற்றம் தொடங்கும்.

கனடாவில் பணியாற்றிய ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே 1936-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கடிதத்தில், எலிகளைக் குளிர், காயம், நச்சு எனப் பலவகைத் தொல்லைகளுக்கு உட்படுத்தியபோது ஒரே விளைவு வந்ததாகச் சொன்னார். அட்ரினல் சுரப்பி வீங்கியது. நோய் எதிர்ப்புக்குரிய தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் வந்தது. தொல்லை தொடர்ந்தபோது எலிகள் பழகிக்கொண்டதுபோல் தெரிந்தன. வாரக்கணக்கில் நீடித்தபின் மூன்றாம் கட்டம் வந்தது. அதற்குத் தளர்ச்சி என்று பெயர். நடுவில் வந்த பழகிய கட்டத்தில் இருப்பவரைத்தான் அலுவலகங்களில் அனுபவசாலி என்று அழைக்கிறார்கள்.

ஸ்வீடனில் உளவியலாளர் மரியான் ஃபிராங்கன்ஹாய்சர் இதையே மனிதர்களிடம், சிறுநீர் மாதிரிகளை வைத்து அளந்தார். மர அறுவை ஆலைகளில் இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து, துண்டுக்கு இவ்வளவு கூலி என்று வேலை செய்தவர்களின் அட்ரினலின், வேலைநாளின் முடிவை நோக்கி ஏறிக்கொண்டு போனது. பின்னாளில் வோல்வோ நிறுவன மேலாளர்களை ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. மாலை 5 மணிக்குப் பிறகு ஆண் மேலாளர்களின் நோரட்ரினலின் என்ற அழுத்த ஹார்மோன் இறங்கியது. பெண் மேலாளர்களுக்கு இறங்கவில்லை, கூடியது. அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

வேலையின் நடுவே சில நிமிடம் நிறுத்தினால் ஹார்மோன்களின் இந்த ஏற்றம் மாறுகிறதா என்பதை ஜெர்மனியின் ஹனோவரில் அறுவை சிகிச்சை நிபுணர்களிடமே சோதித்தார்கள். குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட 51 நுண்துளை அறுவை சிகிச்சைகள். ஒரு பிரிவில் வழக்கம்போல் இடைவிடாமல். மற்றொன்றில் ஒவ்வொரு 25 நிமிடத்துக்கும் 5 நிமிட இடைவேளை. அந்த நேரத்தில் குழந்தையின் வயிற்றில் நிரப்பிய வாயுவையும் வெளியேற்றிவிடுவார்கள். இடைவேளை எடுத்த மருத்துவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் 22 சதவீதம் குறைவு. கவனச் சோதனையில் இடைவேளை எடுக்காதவர்கள் செய்த பிழை மூன்று மடங்கு. அறுவை சிகிச்சைக்கு ஆன மொத்த நேரம் இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆக, இடைவேளைக்குச் செலவான நிமிடங்கள் எங்கோ திரும்பிக் கிடைத்திருக்கின்றன. இந்த முடிவுகள் வெளியாகிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகின்றன.

அடுத்த கணக்கு கை கழுவுவது பற்றியது. அமெரிக்காவில் 35 மருத்துவமனைகளில், 4,157 ஊழியர்கள் நோயாளியின் அறைக்குள் போகும்போதும் வரும்போதும் கை கழுவினார்களா என்பதை மின்னணுக் கருவிகள் பதிவு செய்தன. பதிவான வாய்ப்புகள் 1.38 கோடி. 12 மணி நேர ஷிஃப்டின் தொடக்கத்திலிருந்து முடிவுக்குள் கை கழுவும் விகிதம் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. வேலை அதிகமான நாள்களில் சரிவும் அதிகம். இரண்டு ஷிஃப்டுகளுக்கு இடையே கூடுதல் நேரம் கிடைத்தவர்கள் திரும்பி வந்தபோது நன்றாகக் கழுவினார்கள். மருத்துவமனையில் தொற்று எப்படிப் பரவும் என்று அந்த ஊழியர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஷிஃப்டின் பதினோராம் மணியில் படுத்திருந்த நோயாளிக்குத் தன் முறை எப்போது வந்தது என்பதுதான் தெரியாது.

சிறு இடைவேளையைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாமே மெய் அல்ல. 10 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ எடுக்கும் ஓய்வுகளைப் பற்றிய 22 ஆய்வு மாதிரிகளை ருமேனிய ஆய்வாளர்கள் 2022-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உற்சாகம் ஓரளவு கூடியது. களைப்பு ஓரளவு குறைந்தது. வேலைத் திறனில் மொத்தமாகப் பார்த்தால் உறுதியான முன்னேற்றம் இல்லை. மூளையைக் கடுமையாக வாட்டும் வேலைக்குப் பிறகு மீள 10 நிமிடம் போதாது என்பது அவர்கள் எட்டிய முடிவு. இடைவேளையில் என்ன செய்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 414 மாணவர்களுக்குச் சொற்புதிர்கள் கொடுத்து, நடுவில் ஓய்வு விட்டார்கள். சிலருக்கு ஓய்வு கைப்பேசியில். சிலருக்குக் காகிதத்தில் அல்லது கணினியில். சிலருக்கு ஓய்வே இல்லை. கைப்பேசியில் இளைப்பாறியவர்கள் மீதிப் புதிர்களை முடிக்க 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். 22 சதவீதம் குறைவாகவே விடை கண்டார்கள். ஓய்வே எடுக்காதவர்களின் நிலையும் ஏறத்தாழ அதுதான். தேநீர்க் கடை வாசலில் திரையைத் தள்ளிக்கொண்டு நிற்கும் பத்து நிமிடத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதற்கு இதில் ஒரு பதில் இருக்கிறது.

நாள்களின் கணக்கு இதுவரை. ஆண்டுகளின் கணக்கு வேறு.

2021-ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்கள் உலகில் 48.8 கோடிப் பேர். வாரம் 35 முதல் 40 மணி உழைப்பவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். மாரடைப்பு போன்ற இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016 என்ற ஒரே ஆண்டில், நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய சாவுகள் 7.45 லட்சம். இதில் பக்கவாதம் 3.98 லட்சம்; இதயநோய் 3.47 லட்சம். 2000-த்திலிருந்து கணக்கிட்டால் அந்த இதயநோய்ச் சாவுகள் 42 சதவீதம் கூடியிருந்தன.

இறந்தவர்களில் பெரும்பாலோர் 60 முதல் 79 வயதினர். அவர்கள் அந்த நீண்ட வாரங்களை உழைத்தது 45 வயதுக்குப் பிறகு. காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பக்கவாதம் வரும்போது பலர் பணி ஓய்வு பெற்றிருப்பார்கள். இறப்புச் சான்றிதழில் முதலாளியின் பெயருக்கு இடம் கிடையாது. குடும்பத்தார் சர்க்கரையையும் உப்பையும் குறை சொல்வார்கள்.

அவ்வளவு நேரம் உழைத்ததற்குப் பலன் கிடைத்ததா என்பதற்கும் பதிவு உண்டு. முதல் உலகப்போரில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் பெண்கள் உட்படத் தொழிலாளர்கள் ஞாயிறும் சேர்த்து உழைத்தார்கள். அவர்களின் உடல்நலத்தைக் கவனிக்க 1915-ல் அரசு ஒரு குழு அமைத்தது. ஆலை ஆலையாக உற்பத்திக் கணக்கு எடுக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, ஸ்டான்ஃபோர்டின் பொருளியலாளர் ஜான் பென்கவெல் அந்த ஏடுகளை மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு 49 மணி வரை, கூடும் நேரத்துக்கு ஏற்ப உற்பத்தியும் கூடியது. அதற்கு மேல் கூடுதல் மெலிந்தது. 70 மணி உழைத்தவர்களின் உற்பத்திக்கும் 56 மணி உழைத்தவர்களின் உற்பத்திக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மிச்சப் 14 மணி நேரம் அவர்கள் வெடிமருந்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மட்டும் இருந்தார்கள்.

லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் பின்தொடர்ந்த ‘வைட்ஹால்’ ஆய்வு இதில் இன்னொரு கண்ணியைச் சேர்த்தது. வேலை எவ்வளவு என்பது மட்டும் ஆபத்தை நிர்ணயிக்கவில்லை. எப்போது, எந்த வேகத்தில் செய்வது என்பதில் தனக்குச் சொல் இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகமாக வந்தது. உயர் அதிகாரி ஜன்னல் பக்கம் எழுந்து போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் நிறுவனங்கள் கண்ட மருந்து பெரும்பாலும் ஊழியரின் கைப்பேசிக்குள் இருக்கிறது. மூச்சுப் பயிற்சிச் செயலி, தியான வகுப்பு, மன உறுதிப் பயிற்சி. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்து 2024-ல் முடிவை வெளியிட்டார். இத்தகைய தனிநபர் திட்டங்களில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் மனநலத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தியானம் யாருக்கும் உதவாது என்று இதற்குப் பொருள் அல்ல. வேலையின் அளவும் வேகமும் ஆள் பற்றாக்குறையும் அப்படியே இருக்கும்போது ஊழியரின் மூச்சை மட்டும் சரிசெய்ய முயன்றால் என்ன கிடைக்கிறது என்பதே இந்த எண்ணிக்கை. செயலி வாங்குவதற்கு ஆகும் செலவு, மாற்று ஆளை நியமிப்பதற்கு ஆகும் செலவில் சிறு பங்கு.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நூற்றாண்டுக்கு மேல் பழையது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று, பகல் உணவுக்கு விடப்பட்ட அரை மணி போதாது, நீட்ட வேண்டும் என்பது. கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே சில நிமிடங்களையும் வைத்து அவர்கள் பேசினார்கள்.

1948-ன் சட்டம் ஐந்து மணிக்கு அரை மணி என்று எழுதியது. கடைகளில் நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில்தான் வந்தது. கேரளம் மூன்று ஆண்டு முந்திக்கொண்டது. கனடாவின் ஒன்டாரியோவில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், பெரும்பாலும் நின்றே செய்யும் வேலையில் இருந்தவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து செய்பவர்களைவிட இதயநோய் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஊழியர் உட்காருவது, இருக்கைத் திருத்தம் வரும்வரை, ஒழுங்கீனம்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தில் 65-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. வேலை நேரம், வார விடுமுறை, இடைவேளை ஆகியவற்றைப் பற்றிய பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு அரசு விலக்கு அளிக்க அது வழி செய்தது. நாளுக்கு 12 மணி நேர வேலை சாத்தியமாகியிருக்கும். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்று நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

2024 மே மாதம், ஹரியானாவின் மானேசரில் ஒரு பன்னாட்டு இணைய வணிக நிறுவனத்தின் கிடங்கில், தேநீர் இடைவேளை முடிந்து திரும்பிய தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வெளிவந்தது. ஆறு லாரிகளின் சரக்கை இறக்கி முடிக்கும்வரை கழிப்பறைக்கும் தண்ணீர் குடிக்கவும் போக மாட்டோம் என்பது உறுதிமொழி. வட இந்தியாவில் அது கடும் வெப்ப அலையின் காலம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் தானாக முன்வந்து விளக்கம் கேட்டது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்துக்கு, பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்பு வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்பது அதன் 25-ஆம் பிரிவில் இருக்கிறது. எத்தனை மணிக்கு ஒருமுறை இடைவேளை, அது எத்தனை நிமிடம் என்ற இரண்டு எண்களும் அந்தப் பிரிவில் இல்லை. உரிய அரசு அறிவிக்கும் இடைவேளைகள் என்று மட்டும் இருக்கிறது. 2023-ல் இடைவேளையில் கை வைக்கச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா தேவைப்பட்டது. இனி ஓர் அறிவிக்கை போதும்.